பச்சை கேட்

நேற்று குரோம்பேட்டையிலிருந்து வீடு வரைக்கும் ஆட்டோவில் பேயறைந்தவன் மாதிரி வந்தேன். மடியில் ஒரு பச்சை நிற பேஸ் கிட்டார். விரல்களில் புதுக் கம்பியின் வாசனை. புதுப் பாத்திரத்தை முதல் தடவை கழுவும்போது வருமே, கிட்டத்தட்ட அது. ஒரு காலத்தில் இந்த வாசனைக்காக என்ன பாடுபட்டோம் என்று நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

அந்த நாளில் தாம்பரத்தில், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் இந்த பேஸை வாசித்த எங்களுக்கு, நினைத்தபோது புதுக் கம்பி வாங்க வசதியில்லை. பழையதைக் கழற்றிக் கொதிநீரில் போடுவோம். அழுக்கும் வியர்வையும் போய், சத்தம் மறுபடி பளிச்சென்று வரும். எங்கள் வீட்டில் அதற்குக் கஞ்சிப் பாத்திரம்தான். "நாளைக்கு இதுலயே நான் கஞ்சி வைக்கணுமா?" என்று அம்மா கேட்பார். கேட்டுவிட்டு அதிலேயே வைப்பார். நாங்களும் குடித்து நன்றாகத்தான் இருந்தோம்.

சர்ச் பாடகர் குழுவில் ஒரு ஞாயிறு நான் பேஸ், மறு ஞாயிறு ஜெபராஜ். என்னுடையது மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கிட்டார். அதன் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் வேறு. நாலு பேர் பார்க்கட்டும் என்று பெட்டியை மெதுவாகத்தான் திறப்பேன். ஜெபராஜுடையது யாரோ விற்றுவிட்டுப் போன பிளைவுட். வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அதற்கும் அடித்திருந்தான். நாங்கள் அதைக் கிட்டார் என்று சொன்னதே இல்லை. 'பச்சை கேட்' என்றுதான் சொல்வோம்.

அவன் மட்டும் கம்பியைக் கொதிக்க வைக்கவே மாட்டான்.

"வேணாம் மச்சான். இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா என் கைக்கு வருது."

"சோம்பேறின்னு ஒத்துக்கோயேன்" என்பேன். சிரிப்பான். அவன் சத்தம் அமுங்கி வரும், மெத்தைக்கு அடியில் உட்கார்ந்து வாசிக்கிறான் என்று கிண்டல் செய்வோம். அதற்கும் சிரிப்பான்.

போன வருஷம் மாரடைப்பு, ஜெபராஜ் போய்விட்டான். போன மாதம் அவன் அக்கா எஸ்தர் போன் செய்தார். அவர்களுடைய பீர்க்கன்கரணை வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தாயிற்றாம். "பரண்ல அவன் கிட்டார் கெடக்கு தம்பி. தூக்கிப் போட மனசு வரல. நீ எடுத்துக்கிறியா?"

மரியாதைக்காகத்தான் வாங்கி வந்தேன். கம்பியெல்லாம் துரு. இருந்தாலும் ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒன்றைத் தட்டினேன்.

தூக்கிவாரிப் போட்டது. கனமான, உருண்டையான சத்தம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடனே அடங்கிவிடுகிறது. இத்தனை வருஷம் வாசித்தவன் நான். எனக்கு ரொம்பப் பிடித்த பேஸ் கிட்டார் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போயும் போயும் இந்தப் பச்சை கேட்டா? நம்ப முடியாமல் ஒரு பழைய கீர்த்தனைக்கு வாசித்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, ஜெபராஜ் அண்ணா வாசிக்கிற மாதிரியே இருக்கு."

ஈரக் கை காயும் வரை அங்கேயே நின்று கேட்டாள்.

ஒயர் சொருகும் சாக்கெட் மட்டும் கரகரவென்றது. குரோம்பேட்டையில் ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தேன். நேற்று வாங்கப் போனால் கடைக்காரர் முகமெல்லாம் சந்தோஷம்.

"சாக்கெட் மாத்தியாச்சு சார். ஸ்ட்ரிங் எல்லாம் செத்துப்போய் இருந்துச்சு, புது செட் போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம், பழக்கத்துக்காக."

"பழசு எங்க?"

"காலைல குப்பை வண்டி வந்துச்சே சார், அதுல போட்டாச்சு."

அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பீர்க்கன்கரணையில் அந்த வீடு இப்போது இல்லை. வாசலில் இருந்த பச்சை கேட்டையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். இரவு அதே கிட்டாரில், அதே கீர்த்தனைக்கு வாசித்தேன். சத்தம் பளிச்சென்று இருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் ஓசை நிற்கவே இல்லை.