விலை சுரண்டிய பெட்டி

அண்ணைக்குக் கால் வேண்டுமென்றால் ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, சிகரெட்டைத் தொடக் கூடாது என்று சர்ஜன் சொன்னபோது பக்கத்தில் இருந்தது நான்தான். 2009 ஓகஸ்ட் மாதம். இடது காலில் இரத்தக்குழாய் அடைத்து, பாதம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. வேறு குழாய் வைத்துத் தைக்கலாம். ஆனால் புகைக்கிறவருக்குத் தைத்தால் அதுவும் அடைத்துவிடும், ஆகவே தைக்க மாட்டேன் என்றார் அவர். ஆறு கிழமை கழித்து வந்து ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். அண்ணை நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் ஒன்றைப் பற்றவைத்தார். "இதுதான் கடைசி" என்றார். அவருடைய கடைசிச் சிகரெட்டுகளை நான் எண்ணுவதை விட்டுப் பல வருடம்.

அண்ணைக்கு லண்டன் மோர்டனில் ஒரு கடை. ஜெர்மனியில் இருந்து வந்ததும் எடுத்தது. அண்ணி இறந்த பிறகு கடைக்கு மேலேயே தனியாக இருந்தார். கல்லாவில் நின்றால் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் சிகரெட் அடுக்கு. பாலுக்குப் பூனை காவல். நிக்கோட்டின் ஒட்டுத்தாள் ஒட்டிப் பார்த்தோம். கடிக்கிறது என்று மூன்றாம் நாள் உரித்து எறிந்தார். ஆனால் வியாபாரத்தில் அவரை யாரும் ஏய்க்க முடியாது. கள்ளச் சிகரெட்டைத் தலையில் கட்ட வருகிறவர்களைப் பெட்டியைத் தடவிப் பார்த்தே துரத்துவார்.

நான் அப்போது சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் சமையலறையில் நின்றபடியே சிகரெட் இழுத்தாள். கத்தப் போனேன். சிரித்துக்கொண்டு கையில் தந்தாள். பிளாஸ்டிக் குழல். உள்ளே பற்றரி, நுனியில் சின்ன விளக்கு, வாய்ப்பக்கத்தில் நிக்கோட்டின் மருந்து ஊறிய குப்பி. இழுத்தால் ஆவி வருமே தவிர நெருப்பு இல்லை. எலெக்ட்ரோனிக் சிகரெட் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். ஊதிப் பார்க்கிற கருவி பிடிப்பது எரிகிற புகையைத்தான், இதை அல்ல என்றும் சொன்னாள்.

"ஒரிஜினலாகப் பார்த்து வாங்கு" என்று எச்சரித்தாள். "இப்போது போலிக் கொப்பி வந்துவிட்டது. அதே பெட்டி, அதே விளக்கு. ஆனால் பற்றரி மத்தியானத்துக்குள் செத்துவிடும், மருந்து வாய்க்குள் ஒழுகும். ஒரிஜினல் பெட்டியின் அடியில் ஒரு எண் ஒட்டியிருக்கும். பழுதானால் அந்த எண்ணைக் காட்டினால் மாற்றித் தருவார்கள்."

சட்டனில் அவள் காட்டிய கடையிலேயே வாங்கினேன். ஒரு முழு ஷிப்ட் சம்பளம் போனது. வீட்டுக்கு வந்ததும், பரிசு கொடுக்க முதல் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் செய்தேன்: விலையைச் சுரண்டினேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்க முடியாமல் செய்து கொடுப்பது எங்கள் வழக்கம். தவிர, விலை தெரிந்தால் அண்ணை வாங்கவே மாட்டார். கடைக்காரன் எண் தாளின் மேலேயே விலையை ஒட்டித் தொலைத்திருந்தான். கத்தியும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரும் கொண்டு சுரண்டியதில் இரண்டும் சேர்ந்து வந்தன. பெட்டியின் அடி பறட்டையாகிப் போனது. பரவாயில்லை என்று சுரண்டிய தாள்களைக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கணவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"இதென்ன பிள்ளை, பேனையோ?"

"கறண்ட் சிகரெட் அண்ணை. இனி இதைத்தான் இழுக்கிறியள்."

இழுத்தார். நுனி எரிந்தது, ஆவி வந்தது. "அட, பரவாயில்லையே" என்றார். என் கணவரும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பற்றுகிறவர். எனக்கு அன்று அண்ணையின் காலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்பேன். "ஓம், அதைத்தான் இழுக்கிறன்" என்பார். இதற்கிடையில் வீட்டிலும் ஒரு அதிசயம். கணவரின் சட்டையில் சிகரெட் மணமே இல்லை. கேட்டால், "மச்சானுக்குத் துணையா நானும் விட்டிட்டன். எல்லாம் மனத்திடம்தான்" என்றார். நாய் வாலும் நிமிரும் போலிருக்கிறது என்று கேலி பண்ணினாலும், அந்தச் சந்தோசத்தில் இரண்டு நாள் ஆட்டிறைச்சி சமைத்துப் போட்டேன்.

நாலாம் கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். அண்ணை அந்தக் குழலை இழுத்து இழுத்துக் கன்னம் ஒட்டிப்போய் நின்றார். விளக்கு மின்னியது, ஆவி வரவில்லை. திடீரென்று குனிந்து குப்பைவாளிக்குள் துப்பினார். உதடெல்லாம் மஞ்சள். அவருடைய ஜாக்கெட்டில் பச்சையாகச் சிகரெட் மணத்தது.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "எத்தினை நாளா இப்பிடி?"

"இந்தச் சாமான் இப்பிடித்தான் பிள்ளை. வாய் கசக்குது. ஒண்டு ரெண்டுதான் பத்தினனான்."

"பெட்டியைத் தாங்கோ. கடைக்காரனை ஒரு கை பாக்கிறன்."

"விடு பிள்ளை, ஏன் அலையிறாய்?" என்று கையைப் பிடித்தார். ஒரு மாதிரிப் பயந்த முகம். காலை நினைத்துப் பயப்படுகிறார் என்றுதான் எண்ணினேன். பெட்டியையும் குழலையும் பறித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரன் குழலைக் கழற்றிப் பார்த்தான். "இது கொப்பி. எங்களுடையது இல்லை. எண் எங்கே?"

"சுரண்டிவிட்டேன்."

"எண்ணை யாராவது சுரண்டுவார்களா?"

விலையைச் சுரண்டிவிட்டுத்தான் பரிசு கொடுப்போம் என்பதை அந்த ஆங்கிலேயனுக்கு எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது? சொன்னேன். அவன் என்னைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கத்தினேன். பின்னால் நின்றவர்கள் விலகிப் போனார்கள். கவுன்சிலுக்கு எழுதுவேன் என்று மேசையில் தட்டிவிட்டு வந்தேன். எழுதவும் செய்தேன், இரண்டு முறை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆத்திரக்காரிக்கும் பொருந்தும். அந்தப் பெட்டியின் அடி வழவழவென்று புதிதாக இருந்தது. சுரண்டிய தடம் ஒன்றும் இல்லை. அதை என் கண் பார்த்தது, கோபம் மனதில் பதிய விடவில்லை.

கடையோடு மல்லுக்கட்டியதில் பத்து நாள் போயிற்று. இன்னொன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றவே இல்லை. இந்தச் சாமானே ஏமாற்று என்று முடிவு கட்டிவிட்டேன். அண்ணையிடம் கெஞ்சினேன், திட்டினேன், செத்த அண்ணியின் பேரில் சத்தியம் வாங்கினேன். இரவு பகலாக என் தலைக்குள் அந்தச் சாம்பல் நிறப் பாதம்தான்.

ஊதுகிற நாள் வந்தது. நேர்ஸ் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பிறகு ஊதச் சொன்னாள். எண் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பில் நின்றது. கையைக் கழுவிவிட்டு சர்ஜனைக் கூட்டி வந்தாள். அவர் காலை அமர்த்திப் பார்த்து, இன்னும் ஆறு கிழமை தருகிறேன், ஆனால் இந்தப் பாதம் அதுவரை தாங்குமா என்று தெரியவில்லை என்றார்.

அறைக்கு வெளியே நீளமான நடைபாதையில் அண்ணை கதிரையில் இருந்தார். நான் எதிரே நின்று அந்தக் கள்ளக் கடைக்காரனைச் சபித்துக்கொண்டிருந்தேன். "நாசமாப் போவான்" என்று சொன்னபோது அண்ணை தலையைத் தூக்கினார்.

"அவனைத் திட்டாதை. அது அவன்ரை சாமான் இல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"நீ தந்ததை நான் மச்சானுக்கு, உன்ரை மனிசனுக்கு, குடுத்திட்டன். கடைக்குச் சாமான் இறக்க வந்தவர். நல்லா இருமினவர். உன்ரை பிள்ளையள் சின்னன்தானே எண்டு குடுத்தன். எனக்கு வேறை வாங்கலாம் எண்டு அப்டன் பார்க் கடைத்தெருவுக்குப் போனனான். எங்கடை ஆள் ஒருத்தற்றை கடை. அதே பெட்டி. அவரிட்டைப் போய் ஒரிஜினலோ எண்டு கேக்கிறது மரியாதை இல்லை."

"விலையைப் பாத்து விளங்கேல்லையோ?"

"மலிவுதான். நீயும் அந்த விலைக்குத்தான் வாங்கியிருப்பாய் எண்டு நினைச்சன். உன்ரை பெட்டியிலை விலை ஒண்டும் இல்லையே."

ஒரு கள்ளப் பெட்டியைத் தடவியே கண்டுபிடிக்கிற மனிதனின் கண்ணை, கத்தியை வைத்துக் கட்டியது நான். அந்த விலையை அப்படியே விட்டிருந்தால் இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ மச்சானைக் கிழிச்சுப் போடுவாய். அவரும் சொல்ல வேண்டாம் எண்டவர்."

வீட்டுக்குப் போய்க் கணவரைக் கிழிக்கத்தான் செய்தேன். அவர் வேலை ஜாக்கெட்டின் உள்பையில் இருந்து அந்தக் குழலை எடுத்து மேசையில் வைத்தார். அதை அவரிடமே விட்டேன். அடுத்த நாள் சட்டன் கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று வாங்கினேன். அண்ணை அன்றிலிருந்து ஒரு சிகரெட்டும் தொடவில்லை. இந்த முறை உண்மையாகவே தொடவில்லை. ஆனால் கால் ஆறு கிழமை காத்திருக்கவில்லை. நாலாம் கிழமை பெருவிரல் கறுத்தது, பிறகு குதி. கார்த்திகை முடிவில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு நான் மட்டும் போனேன். கணவர் கார் பார்க்கில் இருந்தார்; உள்ளே வர அவருக்கு முகம் இல்லை. அண்ணை தோடம்பழச் சுளையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான் இப்ப பத்திறாரோ?"

"இல்லை அண்ணை."

"களவாயும் இல்லையோ?"

"இல்லை. முழுக்க விட்டிட்டார்."

அவர் சுளையை மென்று விழுங்கினார். கணக்குப் பார்த்து முடித்த வியாபாரியின் முகம்.

"அப்ப நட்டமில்லை" என்றார்.

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தேன். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"நட்டம்தான் அண்ணை" என்றேன்.