தங்கச்சி போட்ட லினக்ஸ்

ரிச்சர்ட்ஸ் டவுனில் யார் லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுவதென்றாலும் ரெமிஜியஸைத்தான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். அந்தக் காலத்து லேப்டாப்பில் லினக்ஸ் ஏறினால் வைஃபை படுத்துவிடும், வைஃபை எழுந்தால் சத்தம் வராது. ரெமிஜியஸ் உட்கார்ந்து மல்லுக்கட்டுவார். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் பயபக்தியோடு நிற்பார்கள். மத்தியானம் பிரியாணி. ஆபீசில் அவரை ஒருத்தரும் மதித்ததில்லை. இந்த மரியாதையில்தான் மனிதர் நிமிர்ந்து நடந்தார்.

போன மாதம் அவருடைய சொந்தத் தங்கச்சி பிரிஜெட் புது லேப்டாப் வாங்கி, பென்டிரைவைச் செருகி, குழம்பு கொதிப்பதற்குள் தானே லினக்ஸ் போட்டுவிட்டாள்.

"நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கினேண்ணா, அவ்ளோதான்!"

அவருக்கு வயிறு எரிந்தது. வைஃபையைப் பார்த்தார், ஓடியது. சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாம் சொன்னபடி கேட்டன. செத்துத் தொலையாதா என்று மூடியை மூடித் திறந்தார். பளிச்சென்று விழித்துக்கொண்டது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோரும் பிரிஜெட்டைச் சூழ்ந்துகொண்டு, "எங்களுக்கும் போட்டுக் குடும்மா" என்றார்கள். ரெமிஜியஸ் பக்கத்திலேயே நின்றார். ஒரு ஆள் திரும்பிப் பார்க்க வேண்டுமே!

அன்று சாயங்காலமே தங்கச்சி வீட்டுக்குப் போனார். "ஒரு சின்ன செட்டிங் பாக்கி இருக்கு, பாஸ்வேர்டு போடு" என்றார். அவள் நம்பிப் போட்டுவிட்டு, காபி கலக்க உள்ளே போனாள். அடுத்த தடவை ஆன் செய்யும்போது வைஃபை எழாதபடி மளமளவென்று ஒரு வரி தட்டினார். காபியையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் போன் வந்தது. "அண்ணா, வைஃபை வரல."

இந்த மாதிரிக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "எதையும் தொடாதே, நான் வரேன்" என்றவர், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். உடனே போய் நின்றால் மதிப்பிருக்காது என்று வழியில் நிதானமாக ஒரு டீ வேறு.

போய்ச் சேர்ந்தபோது லேப்டாப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"நீ வர லேட்டாச்சா, மறுபடியும் முதல்லேர்ந்து போட்டுட்டேன்" என்றாள் பிரிஜெட். குரலில் துளி சந்தேகம் இல்லை. சந்தேகப்பட்டிருந்தாலாவது அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பென்டிரைவை உருவி அவர் கையில் வைத்தாள்.

"உன் லேப்டாப்லயும் புதுசு போட்டுக்கோண்ணா. எங்கயாவது மாட்டிக்கிட்டா கூப்பிடு, நான் வந்து பாக்கறேன்."