ஒற்றை சிம் கடை

அத்தாவுல்லாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படியேறுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்.

“பாய், ரெண்டு சிம் போடுற போன் இருக்கா?”

“இல்லீங்க. இது டெலோரா கடை. டெலோராவுல ரெண்டு சிம் வர்றதில்ல.”

அவர்கள் நிமிர்ந்து நீல போர்டைப் பார்ப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கம் முனிரத்தினத்தின் கடைக்குப் போவார்கள். முனிரத்தினம் வாசலில் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஒரு சைனா போனைப் பாடவிட்டிருப்பார். மேற்குத் தாம்பரத்தில் மின்சார ரயிலின் ஹாரனையும் மீறி அது கேட்கும்.

2009இல் நிலைமை இப்படி ஆகியிருந்தது.

அத்தாவுல்லா பல்லாவரத்தில் பிறந்தவர். அவருடைய அத்தா குரோம்பேட்டையில் தோல் மண்டியில் வேலை பார்த்தார். அந்த வாடை மகனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டெலிபோன் பக்கம் வந்துவிட்டார். முதலில் எஸ்.டி.டி. பூத். பிறகு பேஜர். அவருக்குத் தெரிந்து பேஜர் வாங்கியவர்கள் ஒரு டாக்டரும் ஒரு மனைத் தரகரும்தான். ஆரம்பிக்கும்போதே முடிந்துபோன தொழில் அது. அதற்கப்புறம்தான் டெலோரா வந்தது.

அப்போதெல்லாம் யாரும் செல்போன் வேண்டும் என்று கேட்பதில்லை. “ஒரு டெலோரா குடுங்க” என்றுதான் கேட்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனி. கீழே போட்டால் மூன்று துண்டாகப் பிரியும்; சேர்த்து மாட்டினால் மறுபடி பேசும். முடிச்சூரில் ஒருவர் கிணற்றில் விழுந்த டெலோராவை எடுத்து அரிசி டின்னில் போட்டுவைத்து, மறுநாள் அதிலேயே அத்தாவுல்லாவுக்குப் போன் செய்தார். அத்தாவுல்லா அந்தக் கதையைச் சொல்லியே பல போன்கள் விற்றார். அவர் விற்ற வேகத்தைப் பார்த்து, கம்பெனி அவர் கடையைத் தன் கடையாகவே ஏற்றுக்கொண்டது. போர்டு, கண்ணாடி அலமாரி, விளக்குகள், பையில் பெயர் தைத்த நீலச் சட்டை எல்லாம் கம்பெனி கொடுத்தது. ஒரே நிபந்தனை, வேறு கம்பெனி போன் கடையில் இருக்கக் கூடாது.

“எதுக்கு வேற கம்பெனி?” என்றார் அத்தாவுல்லா. அந்தச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார்.

“பெருநாளைக்காவது வேற சட்டை போடுங்க. பள்ளிவாசல்ல யாராவது ரீசார்ஜ் பண்ணச் சொல்லிடப் போறாங்க” என்பாள் அவர் மனைவி பஷீரா.

பிறகு ஜனங்களுக்கு ஒரு சிம் போதாமல் போயிற்று. ஜி.எஸ்.டி. சாலையில் சிம் கம்பெனிக்காரர்கள் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு சிம்மை இலவசமாகவே கொடுத்தார்கள். ஒன்றில் உள்ளூர் மலிவு, இன்னொன்றில் வெளியூர் மலிவு. பழைய எண் ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதை விட முடியாது. ஆகவே எல்லோரும் பர்ஸில், தாலிச்சரடு டப்பியில், பஸ் பாஸ் உறையில் இன்னொரு சிம்மை வைத்துக்கொண்டு, நாளெல்லாம் போனைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள்.

கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்கும் காந்தா, ஈரக் கையோடு இதைச் செய்தாள். அவள் போனைத் திறந்தால் உள்ளே செதில் இருக்கும்.

“இன்னா பாய், சிம் எடுக்கல எடுக்கலன்னே காட்டுது. பேஜாரா கீது.”

“காந்தாக்கா, உள்ள வஞ்சிரம் இருக்கு. சிம்முக்கு எங்க எடம்?”

“வஞ்சிரமா? அந்த வெலைக்கு வாங்கி உன் போன்ல வெப்பேனா? சங்கரா அது, நல்லா பாரு.”

பின்மூடி உடைந்த புகார்கள் தாம்பரத்திலிருந்துதான் அதிகம் போயின. கம்பெனி கவனித்தது. அடுத்த மாடலில் மூடியை இன்னும் கெட்டியாக்கி அனுப்பியது. இப்போது அதைத் திறக்க நகம் போதாமல் எட்டணாக் காசை வைத்து நெம்ப வேண்டியிருந்தது.

அத்தாவுல்லாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம் கிடைத்தது. இரண்டு சிம்களையும் கத்தரித்து, பொன்னிறச் சில்லுகளை மட்டும் அதில் பதித்து, பேட்டரிக்கு அடியில் வைத்துவிடலாம். போனை அணைத்துப் போட்டால் ஒரு சிம், மறுபடி அணைத்துப் போட்டால் இன்னொன்று. மூடி முழுதாக மூடாது. ஓட்டலில் சாம்பார் பார்சலுக்குப் போடுகிற ரப்பர் பேண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மயிரிழை தப்பினால் சிம் செத்துவிடும். செத்த சிம்களில் வெட்டிப் பழகிய பிறகே அவர் உயிருள்ள சிம்மில் கை வைத்தார்.

வெட்டுவதற்கு முன் பிஸ்மில்லா சொல்வது அவர் வழக்கம். ஒருநாள் பேச்சு மும்முரத்தில் சொல்லாமல் வெட்ட, ஒரு கல்லூரி வாத்தியாரின் சிம் போய்விட்டது. செய்தி பரவியது. அதிலிருந்து நெற்றியில் விபூதி வைத்தவர்கள்கூட, “பாய், சொல்லிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் சிம்மை நீட்டினார்கள். காந்தா சந்தேகத்துக்கு இடமில்லாமல் தானே சத்தமாகச் சொல்லிவிடுவாள்.

இப்படித்தான் அந்த வட்டாரத்தில் டெலோரா இன்னும் விற்றது. ஆனால் போனுக்குள் வேறு பொருளை வைப்பது கம்பெனி விதிப்படி குற்றம். தெரிந்தால் போர்டு போய்விடும்.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஹேமநாத்துக்குத் தெரியும். பரங்கிமலையிலிருந்து மறைமலை நகர் வரை அவர் பொறுப்பு. நீல போர்டுள்ள கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அத்தாவுல்லாவின் கடை மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் அந்த ஏரியாவையே வேலூரோடு சேர்த்துவிடுவார்கள்; அவருக்கு அங்கே வேலை இருக்காது. ஹேமநாத் ஒவ்வொரு மாதமும் புது யோசனையோடு வருவார். ஒருமுறை பாட்டு போன். ஒருமுறை மெல்லிசான போன். ஒருமுறை கம்பெனி எழுத்தின் வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“எழுத்து நல்லா இருக்கு சார். ரெண்டு சிம்?”

“மேல சொல்லியிருக்கேன் பாய்.”

சொல்லிவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட போன்கள் இருந்த மேஜைப் பக்கம் பார்க்காமல் டீ குடிப்பார்.

நவம்பர் மழையில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி பட்நாகர் வந்தார். மார்க்கெட்டைப் பார்க்க வேண்டுமாம். ஹேமநாத் முன்கூட்டியே போன் செய்ததால், அத்தாவுல்லா கத்தரிக்கோலையும் சட்டங்களையும் பஷீராவிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடை பளபளவென்று இருந்தது. பட்நாகர் அலமாரியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். அந்த நேரத்தில் காந்தா படியேறினாள்.

“பாய், இத்த பாரு, ரப்பர் அந்துபோச்சி. வேற ஒண்ணு போட்டுக் குடு.”

அத்தாவுல்லா கை நீட்டுவதற்குள் பட்நாகர் நீட்டிவிட்டார். மூடி தானே கழன்றது. பேட்டரியைத் தூக்கிப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார்.

“யார் செஞ்சதுன்னு கேக்கறார்” என்றார் ஹேமநாத்.

“பாய்தான்!” என்றாள் காந்தா. “எங்க குப்பத்துல அத்தினி பேருக்கும் இவுருதான். தோ பாரு, இன்னா நேக்கா வெட்டிக்கீறாரு. வெளிநாட்டுக்காரன் வெட்டுவானா?”

பட்நாகர் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். ஹேமநாத் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“நல்ல வேலைன்னு சொல்றார் பாய். அவருக்கும் தெரியுமாம், ஜனங்களுக்கு ரெண்டு சிம் வேணும்னு. மூணு வருஷமா எழுதிட்டு இருக்காராம். நம்ம கம்பெனி நாட்டுல போனை சிம் கம்பெனிக்காரந்தான் விக்கிறான். ஒரே போன்ல இன்னொருத்தன் சிம்மையும் போட விட்டா அவன் கோச்சுக்குவான். அவனைப் பகைச்சுக்க முடியாது. கீழ்ப்பக்கம் மலிவா சைனாக்காரன், மேல்பக்கம் வெலை கூடின, தொட்டா ஓடுற போன். இருக்கிற எஞ்சினியரை எல்லாம் மேல்பக்கம் அனுப்பிட்டாங்களாம். ரெண்டு சிம் மாடல் வர அடுத்த வருஷக் கடைசி ஆகும்கிறார்.”

“அதுவரைக்கும்?”

பட்நாகருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பேட்டரியைக் காட்டிப் பேசினார்; ஹேமநாத் தமிழில் சொன்னார்.

“இந்தச் சட்டம் பேட்டரியை அழுத்துது. என்னிக்காவது வீங்கி வெடிச்சா டெலோரா வெடிச்சுதுன்னுதான் பேர் வரும். இதோட நிறுத்தணும். நிறுத்தினா போர்டு இருக்கும். இல்லன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது.”

அத்தாவுல்லா யோசித்தார். பேட்டரி வீங்கும் என்பதை அவர் நினைத்துப் பார்த்ததில்லை. “நிறுத்திடறேன் சார்” என்றார்.

காந்தாவுக்குக் கோபம். “அப்ப என்னுது?”

“உங்களுதை அவுரே மூடிட்டாரு பாருங்க” என்றார் அத்தாவுல்லா.

உண்மையிலேயே பட்நாகர் மூடியை அழுத்திப் பிடித்து, மேஜைமேல் கிடந்த வேறொரு ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அத்தாவுல்லா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற பையன்கள் வந்தார்கள், திருப்பி அனுப்பினார். பழைய வாத்தியார் புது சிம்மோடு தைரியமாக வந்தார். அவரையும் அனுப்பினார். “அடுத்த வருஷக் கடைசில கம்பெனியே விடுது. கொஞ்சம் பொறுங்க” என்றார். சிலர் சரி என்றார்கள். சிலர் காலண்டரைப் பார்த்தார்கள். வீட்டில் சாப்பிடும்போது அவருடைய இரண்டு விரல்களும் கத்தரிக்கோல் போல அசைந்தன. பஷீரா பார்த்தாள்.

“கறியை நான் வெட்டித்தான் போட்டிருக்கேன்” என்றாள்.

ஒரு பிற்பகல் ஷர்மிளா என்ற பெண் வந்தாள். மேடவாக்கத்தில் குடியிருந்தாள். முன்பு அத்தாவுல்லாவிடம் வாங்கிய டெலோரா கையில் இருந்தது. ஒரு சிம் ஆபீஸ் கொடுத்தது. வேன் வருவதற்கு முன் அதில்தான் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் வேன் நிற்காது. இன்னொன்றில் அம்மா. அம்மாவுக்கு டயாலிசிஸ்.

“மாத்தி மாத்திப் போட்டு எதுவோ ஒண்ணு விட்டுப்போகுது சார். நீங்க ரெண்டையும் சேர்த்து வெச்சுத் தருவீங்கன்னு சொன்னாங்க.”

“இப்ப செய்யறதில்லம்மா. செஞ்சாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான் வேலை செய்யும். கம்பெனியே விடுது. அடுத்த வருஷக் கடைசி. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா…”

“சரி சார். அதுவரைக்கும் யார்கூடப் பேசாம இருக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அவள் வாதத்துக்காகக் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். அத்தாவுல்லா அலமாரியைப் பார்த்தார். பாட்டு போன் இருந்தது, மெல்லிசான போன் இருந்தது.

“வாம்மா” என்று சொல்லிப் படியிறங்கினார். நீலச் சட்டையோடு, இரண்டு பக்கமும் கை காட்டி ஆட்டோக்களை நிறுத்தி, அவளைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

முனிரத்தினம் எழுந்து நின்றுவிட்டார். “இன்னா பாய், வழி மாறி வந்துட்டியா?”

“பாட்டை நிறுத்து. ரெண்டு சிம் போன்ல நல்லதா ஒண்ணு எடு. இவங்களுக்கு.”

“நல்லதா? நம்ம கடையிலயா?” என்றார் முனிரத்தினம். ஆனால் ஸ்டூலில் இருந்ததைத் தொடவில்லை. உள்ளே போய், பில்லும் வாரண்டியும் உள்ள உள்நாட்டுக் கம்பெனி போன் ஒன்றை எடுத்துவந்தார். அத்தாவுல்லா அதைப் புரட்டினார். தட்டினார். காதில் வைத்தார். தானே இரண்டு சிம்களையும் போட்டார். எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் பிஸ்மில்லா மட்டும் வந்தது. மூடியை வைத்ததும் ‘டப்’பென்று மூடிக்கொண்டது. இரண்டு சிக்னலும் ஒன்றாக எழுந்தன.

அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுத்தமா மூடுது” என்றார்.

“மூடும் பாய். அதுக்குத்தானே மூடி” என்றார் முனிரத்தினம். அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஹேமநாத்துக்குப் போன் செய்தார்.

“சார், போர்டை எடுத்துக்குங்க.”

“மறுபடி வெட்டினீங்களா?”

“இல்ல சார். எதிர்க்கடைக்குக் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தேன். அதுக்கு உங்க விதியில என்ன போட்டிருக்கு?”

“அதை யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க பாய்” என்றார் ஹேமநாத். பிறகு, “போர்டை விட்டுடுங்கன்னு நான் ஒரு வருஷமாவே சொல்லணும்னு நெனச்சேன். எனக்காகத்தான் வெச்சிருக்கீங்கன்னு தெரியும். வாய் வரல” என்றார்.

“கொஞ்சம் உங்களுக்காக. கொஞ்சம் சட்டைக்காக.”

போர்டைக் கழற்ற ஆட்களோடு ஹேமநாத்தே வந்தார். அத்தாவுல்லா வெள்ளைச் சட்டையில் இருந்தார். எல்லோருக்கும் சமோசா வாங்கிவைத்திருந்தார். போர்டு இறங்க இறங்கக் கூட்டம் கூடியது. கடையை மூடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், வந்ததோடு குறைந்த விலைக்குப் போன் கிடைக்குமா என்றும் விசாரித்தார்கள். காந்தா கூடையை இறக்கிவைத்துவிட்டு, “அந்த டெல்லிக்காரன் வரட்டும், நான் கேக்கறேன்” என்றாள்.

“மூடலக்கா. எல்லாக் கம்பெனியும் வெக்கப்போறேன். உள்ள வாங்க.”

முந்தின நாள் வாங்கிவந்த பெட்டிகள் தரையில் பிரிக்காமல் கிடந்தன. அவர் ஒரே ஆள். கவுண்டரில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். வாசலில் நின்றிருந்த ஹேமநாத் ஒருமுறை மணியைப் பார்த்தார். வேலூர்க்காரரிடம் ஏரியாவை ஒப்படைக்க அவர் அன்று மாலை போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு கவுண்டருக்குள் வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து, தான் முன்பின் பார்த்திராத அந்த போனைக் கையில் எடுத்து, பின்னால் இருந்ததை ஒருமுறை வாசித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“ரெண்டு சிம். டார்ச் இருக்கு. பேட்டரி நாலு நாள் நிக்கும். கீழ போட்டாலும்…”

“சார், மெதுவா” என்றார் அத்தாவுல்லா பக்கத்திலிருந்து. “கிணத்துக் கதையை மட்டும் சொல்லிடாதீங்க. இது தாங்குமான்னு நமக்கு இன்னும் தெரியாது.”