டாக்டருக்கு நரை வைத்த அக்கா

அந்த போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக நெகட்டிவுக்குச் சாயம் வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஊரில் எல்லாருமே கொஞ்சம் பணிவாகத்தான் பேசுவார்கள். யாருக்கு எத்தனை சுருக்கம், யாருக்கு எத்தனை தாடை என்பதெல்லாம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். முகச்சுருக்கம் அதில் வெறும் கண்ணாடிக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் சிவப்புச் சாயத்தை நீர்க்கக் கரைத்துத் தொட்டுத் தொட்டு வைத்தால், பிரிண்ட் போடும்போது வெளிச்சம் தடைபட்டு, காகிதத்தில் சுருக்கம் வெளுத்து மறையும். ஆக, இந்தச் சாயத்துக்கு வெளுக்க மட்டும்தான் தெரியும். நரையைக் கறுப்பாக்கச் சொல்லி வருகிறவர்களை அக்கா வாசலோடு அனுப்பிவிடுவாள். தூரிகை நுனி கூராக வேண்டுமென்று நாக்கில் வைத்து இழுப்பது அவள் பழக்கம்.

"நாக்கு எப்படிச் செவந்து கெடக்கு பாரு. இந்தச் சாயம் உன்னக் கொல்லப்போகுது" என்பார் முதலாளி.

"உங்க பேச்சுக்கே சாகல" என்பாள்.

எதிரே புதிதாகக் கிளினிக் திறந்த டாக்டர் ஒருநாள் பின்னறைத் திரையை விலக்கினார். ஒரு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஈக்களும் ஆரோக்கியமாகவே இருந்தன.

"அக்கா, எனக்கு நரை வேணும்."

"கல்யாணம் பண்ணிக்கங்க தம்பி, தானா வரும்."

"பண்ணியாச்சு, வரல. கிளினிக்ல மாட்டற போட்டோவுலயாவது வச்சுக் குடுங்க. சின்னப் பையன்னு வாசலோட திரும்பிடறாங்க. இந்த மாசமும் ஆள் வரலன்னா மாமனார் மருந்துக்கடையில நின்னு இருமல் மருந்து எடுத்துக் குடுக்கணும். அவரு தெனம் சிரிப்பாரு."

கிழவனாக்கு என்று கேட்டு வந்த முதல் மனிதர். அக்காவுக்குக் கை ஊறியது. காதோரம், மீசை, புருவம் என்று முடி முடியாக வெளுத்தாள். அதே வேகத்தில், கன்னத்தில் மிளகு போல் இருந்த மச்சத்தையும் கை தன்பாட்டுக்கு அழித்துவிட்டது. அந்த ஸ்டூடியோவிலிருந்து யார் படமும் மச்சத்தோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

படத்தைக் கிளினிக்கில் மாட்டிய மூன்றாம் நாள் டாக்டர் மூச்சிரைக்க வந்தார்.

"எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க."

"நல்லதுதானே?"

"எங்கப்பாவுக்காக உக்காந்திருக்காங்க. பெரிய டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க. எங்கப்பா பஸ் ஓட்டினவரு அக்கா."

அக்கா நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தாள். மச்சம் போனதால்தான் ஆளே மாறிப்போயிருந்தது. நல்லவேளை, சாயம் தண்ணீருக்குப் போகும். ஈரத் தூரிகையால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுத்து, புது பிரிண்ட் போடச் சொன்னாள்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் சுவரில் மாட்டிய புதுப் படத்தைப் பார்த்தார்கள், டாக்டரைப் பார்த்தார்கள்.

"அப்பனோட மச்சம் அப்படியே எறங்கியிருக்கு" என்றார் மூட்டுவலிக்காரர் ஒருவர். "மச்சம் வந்தவனுக்குக் கைராசி வராமலா போகும்? நீயே பாருப்பா."

டாக்டர் தனக்குத் தானே அப்பாவாகி, எட்டுப் பேருக்கும் மருந்து எழுதினார். மாமனார் சிரிப்பு தள்ளிப்போனது.

இரண்டு மாதம் கழித்து அக்கா கழுத்துவலியென்று அங்கே போனாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அவர் முகம் சாயம் வைக்காமலே வெளுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், தடிப்புத்தகம் ஒன்றைப் புரட்டினார், ஏழு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

அக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, சுவரிலிருந்த நரைத்த மனிதரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கும் அப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கங்க தம்பி."