அவர் நல்லா இருக்கார்ம்மா

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. மங்களம் அப்போதுதான் கோப்பியில் ஒரு மடக்கு குடித்திருந்தாள். போனில் அப்துல் அலீம், பக்கத்து மேசை சம்சுன்னிசாவின் கணவர்.

"ஒண்ணுமில்ல மங்களம், எல்லாரும் நல்லா..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். பிறகு, "இல்லம்மா. சம்சு போயிட்டா" என்றார். அன்று விடுப்பில் இருந்தவள், சாப்பிட்டுப் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை.

அவர் வாயில் முதலில் வந்தது அவருடைய பேச்சு அல்ல. மனைவியின் பேச்சு.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் இரு பெண்களுக்கும் வேலை. படைவீரர்களின் குடும்பங்களைப் போனில் அழைத்து, மருத்துவரைப் பார்க்க முடிந்ததா, தேதி கிடைத்ததா என்று விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். சேர்ந்த புதிதில் மங்களம், "ராணுவ மருத்துவ விஷயமா கூப்பிடுறேன்" என்று ஆரம்பித்தாள். எதிர்முனையில் ஒரு பெண் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அலறினாள். அவள் கணவர் வெளிநாட்டுப் பயிற்சியில் இருந்தார். சம்சுன்னிசாதான் எழுந்து வந்து போனைப் பிடுங்கிச் சமாதானம் சொன்னாள்.

"முதல்ல 'அவர் நல்லா இருக்கார்ம்மா'ன்னு சொல்லு. உன் பேரை அப்புறம் சொல்லலாம், அது எங்கயும் ஓடிப் போயிடாது."

"நல்லா இருக்காரான்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?"

"இல்லன்னா நம்மளையா கூப்பிடச் சொல்வாங்க? யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு ஆபீசருங்க ரெண்டு பேரு வீட்டுக்கே வந்துடுவாங்கலா."

மருத்துவ வசதி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டால், கணவர் பெயர் கெட்டுவிடுமோ என்று எல்லாரும் "ஓகேலா" என்பார்கள். அதனால் சம்சுன்னிசா அப்படிக் கேட்பதே இல்லை. "பிள்ளையை யாரு கூட்டிட்டுப் போனா?" என்பாள். அப்போதுதான் கதை வெளியே வரும்.

ஈசூனில் இருக்கும் அனிதாவின் கதையும் அப்படித்தான் வந்தது. மகனுக்கு நாலு வயது. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. கணவன் ஸ்ரீநாத் பயிற்சிக்குப் போயிருந்தான். கைக்குழந்தையை விட ஆளில்லாமல், காது மருத்துவரின் தேதியை அவள் இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். இன்னொரு முறை தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சம்சுன்னிசா மருத்துவமனையோடு மல்லுக்கட்டினாள். போனில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடும் நேரமெல்லாம் அவள் கையில் பின்னல் ஊசி ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கினாள்.

"நான் லீவு போட்டு வரேன் அனிதா. பாப்பாவை நான் வச்சுக்கறேன், நீ பையனோட உள்ள போ."

புதன்கிழமை காலை அடக்கம் முடிந்தது. மையத்தாங்கரையிலிருந்து திரும்பியதும் மங்களம் ஈசூனுக்குப் போன் போட்டாள்.

"அனிதா, அவர் நல்லா இருக்கார்ம்மா. நான் மங்களம்."

"சம்சு அக்கா இல்லையா?"

மங்களம் சொன்னாள். வெகுநேரம் அழுகைதான் கேட்டது.

"அப்ப நான் போகலக்கா. அவர் வந்ததும் பாத்துக்கறேன்."

"நான் வரேன். பாப்பா என்கிட்ட இருக்குமா?"

"புது ஆளைக் கண்டா கத்துவா."

"கத்தட்டும்லா. நேத்துலேருந்து நானும் அதைத்தான் பண்றேன். துணையா இருக்கும்."

அழுகைக்கு நடுவே அனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

வியாழக்கிழமை பையன் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். கதவு மூடியது. அனிதா சொன்னபடியே குழந்தை கத்தியது. மங்களத்தின் சங்கிலியைப் பிடித்து இழுத்து, தோளை நனைத்து, மெல்ல ஓய்ந்தது. குளிரூட்டியின் காற்றில் அதன் பாதங்கள் சில்லிட்டிருந்தன. மங்களம் ஒரு கையால் பையைத் துழாவினாள். சம்சுன்னிசாவின் இழுப்பறையில் கிடைத்த பொட்டலம் அதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்குக் குளிரும் என்று அவள் பின்னிய மஞ்சள் கம்பளிக் காலுறைகள்.

ஒன்று சரியாகப் பொருந்தியது. மற்றதைக் குதிகால் வரைதான் பின்னியிருந்தாள். ஊசி அதிலேயே இருந்தது.