பக்கத்து வீட்டுத் தாம்பாளம்

அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது. இது எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது அதில் கிடக்க வேண்டும். என் உம்மா பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து, நடுவில் சீனியைக் குவித்து, மேலே ஒரு பத்திரிகைத் துண்டைப் போட்டு மூடித்தான் கொடுத்தனுப்புவார். கலியாணம் முடித்து மாத்தளைக்குப் பக்கத்திலுள்ள பலாபத்வலைக்கு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் செய்துவந்தேன். இதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்று அப்போது நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணம் போகும் பெரிய வீதியோரத்தில் எங்கள் வீடு. என் கணவர் வளவு வளவாகப் போய் மிளகும் கொக்கோவும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுப்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இந்துக் குடும்பம். வீட்டுக்காரர் மேலேயுள்ள தோட்டத்தில் கிளார்க்கர். அவருடைய மனைவி என்னைவிட இளையவள், அதனால் நான் அவளுக்கு அக்கா, அவள் எனக்குத் தங்கச்சி. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கும் அதிரசமும் வரும், பெருநாளைக்கு இங்கிருந்து கருப்பட்டி போட்டுச் செய்த வட்டிலப்பமும் தொதலும் போகும். அவர்கள் மாட்டிறைச்சி தொடாதவர்கள் என்பதற்காக வட்டிலப்பத்துக்கென்றே ஒரு சட்டியைத் தனியாக வைத்திருந்தேன். அதை அவளிடம் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பஞ்ச காலம் வந்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, துணிக்கு வரிசை. மரவள்ளிக் கிழங்கை அவித்து, பொரித்து, மசித்து, என்ன பெயர் வைத்தாலும் அது மரவள்ளிக் கிழங்குதான் என்று என் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டுறவுச் சங்கக் கடைக்குச் சீனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போனால் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருப்பார்கள். கூப்பனுக்குக் கிடைக்கிற சீனி பால் குடிக்கிற பிள்ளைக்கே போதாது. நாங்களெல்லாம் வெறுந் தேத்தண்ணியை ஊற்றி, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டொன்றை வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தோம். கருப்பட்டி தீர்ந்த நாளில் வெறும் உள்ளங்கைதான்.

அந்த வருஷத் தீபாவளிக்கு எதுவும் வராது என்று இருந்தேன். வந்தது. அதுவும் சாதாரணப் பீங்கானில் இல்லை. அவளுடைய அம்மா அவளுக்குக் கலியாணத்தில் கொடுத்த பித்தளைத் தாம்பாளத்தில் வந்தது. அதன் விளிம்பில் அந்த அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நடுவில் கொஞ்சம் குரக்கன் மாவு முறுக்கு.

“இந்த வருசம் இதுதாங்க்கா. கொஞ்சமாத்தான் இருக்கு, அதான் பெரிய தட்டுல வச்சேன்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் வேலியைத் தாண்டுமுன்னே பிள்ளைகள் முறுக்கை முடித்துவிட்டார்கள். தாம்பாளம் மட்டும் என் கையில் இருந்தது.

“ஒரு தேங்காய வெச்சு அனுப்பேன்” என்றார் என் கணவர்.

“அவங்கட வளவுல தென்ன மரம் இல்லாமலா ஈக்குது? இந்தக் காலத்துல பலகாரம் சுட்டு அனுப்பின பொம்பளைக்குத் தேங்காய அனுப்புறதா? உங்களுக்கு மிளகும் கொக்கோவும் மட்டுந்தான் விளங்கும்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். என் வாய்க்கு முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். அன்றைக்கே ஒரு தேங்காயை வைத்து அனுப்பியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கோ சீனி வேண்டும். என் உம்மா குவித்த மாதிரி, பார்த்தால் குறையில்லாத ஒரு குவியல் வேண்டும். கௌரவம் என்ற அந்த மண்ணாங்கட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கூப்பன் சீனியில் கிள்ளிக் கிள்ளி ஒரு போத்தலில் சேர்க்கத் தொடங்கினேன். பாதி சேர்ந்தபோது என் மதினி தன் கணவரோடு வந்து நின்றாள். வெறுந் தேத்தண்ணியா கொடுப்பது? மறுபடி சேர்த்தேன், சின்னவனுக்கு வயிற்றோட்டம் வந்தது. உப்பும் சீனியும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். மூன்றாம் முறை போத்தலைத் திறந்தபோது உள்ளே எறும்பு மொய்த்துக் கிடந்தது. எறும்புக்கும் பஞ்சம்தானே, அதை ஏசி என்ன பிரயோசனம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வட்டிலப்பம் செய்து அதோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெருநாள் வந்தது, வட்டிலப்பம் வரவில்லை.

தாம்பாளத்தைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். வைத்திருக்கிற குற்றத்துக்குத் தண்டனை மாதிரி கிழமைக்கு ஒருதரம் புளி போட்டுத் தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க அது மினுங்கும். மினுங்க மினுங்க அந்த அம்மாவின் பெயர் தெளிவாகத் தெரியும். வருகிறவர்கள் யாராவது வாசித்துவிடுவார்களோ என்று, பெயர் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி மாட்டினேன்.

பிறகு கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் போகாமல் நின்றுவிடத் தொடங்கினேன். அவள் போன பிறகுதான் தண்ணீர் எடுப்பேன். எதிரே வந்துவிட்டால் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி ஓடிவருவேன். உண்மையில் கருகுவதற்கு அடுப்பில் ஒன்றும் இருக்காது. வெட்கப்பட்டு ஒளிகிறவளும் கோபத்தில் ஒதுங்குகிறவளும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். அவள் என்ன நினைத்தாளோ, அவளும் வேலிப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். பொங்கலுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கு எனக்கு ஆத்திரம் வேறு. ஒரு தட்டுக்காக என் பிள்ளைகளுக்கு ஒரு வாய் பொங்கல் கொடுக்காமல் விடுவாளா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். பொங்கல் வைக்க அவள் வீட்டில் அரிசியே இருக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அவளுடைய மூத்த மகளைப் பெண் பார்க்க ரத்தோட்டைப் பக்கமிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று என் கணவர் கேட்டுவந்து சொன்னார். அதற்கு முன்பு வந்த இரண்டு இடமும் கைகூடாமல் போனது எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வெளியே தலை காட்டாமல் அழுததும் தெரியும். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று துஆக் கேட்டேன். தாம்பாளத்தைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை.

அந்த நாள் காலையில் அவள் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். சுவரில் பெயர் உள்ளே திரும்பித் தொங்கிய தாம்பாளத்தை ஒருதரம் பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, இன்னைக்கு வர்றவங்களுக்கு வெத்தலை வைக்கணும். அம்மா தட்டுலதான் வைக்கணும்னு ஆசை.”

“எடுத்துத் தாரேன் தங்கச்சி” என்று எழுந்தேன்.

“இல்லக்கா. நல்ல நாளும் அதுவுமா வெறுந் தட்டா வீட்டுக்குள்ள வரக்கூடாது.” பொட்டலத்தை அம்மியின்மேல் வைத்தாள். “இதத் தட்டுல வச்சு, அவங்க வர்றதுக்கு முன்னுக்கு நீங்களே கொண்டாந்து குடுங்க. நீங்களும் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.”

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். பொட்டலத்தைப் பிரித்தேன். சீனி. நல்ல பெரிய குவியல் வரும் அளவுக்குச் சீனி. அப்படியானால் இத்தனை மாதமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஏன் ஒளிகிறேன், ஏன் அடுப்பு கருகுகிறது என்று சொல்கிறேன், எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் என்னை நாலு வார்த்தை ஏசிவிட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பகலெல்லாம் அதே நினைப்பாக உட்கார்ந்திருந்தேன். அவளுடைய சீனியை அவளுடைய தட்டில் வைத்து என்னுடையது மாதிரி எப்படித் தூக்கிக்கொண்டு போவது? உடுத்த சாரியை அவிழ்த்து வேறொன்று உடுத்தினேன். தாம்பாளத்தை இன்னொருதரம் தேய்த்தேன். அதற்குள் வீதியில் ஒரு கார் நிற்கும் சத்தம். வேலியால் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். சபைக்கு நடுவில் எந்த முகத்தோடு போவது என்று அப்படியே குந்திவிட்டேன்.

“போறியா, நான் கொண்டு போகவா?” என்று என் கணவர் முதல்முறையாகச் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

உள்ளே நுழைந்தபோது வந்தவர்கள் பேச ஒன்றுமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வெற்றிலையும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. கிளார்க்கர் மழையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் எழுந்து வந்தாள்.

“எதுக்கு அக்கா இவ்வளவு சீனி? பிள்ளைகளுக்கு வச்சிருக்கலாமே” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் தாயார் நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் காலத்துல யாரு இப்படிக் குடுக்குறா? அக்கம்பக்கம் இப்படி இருந்தா, வீட்டு மனுசங்களும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க” என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்தால் தேவலை என்றிருந்தது.

தாம்பாளத்தோடு அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனேன். அங்கே அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றி, மறுபடி ஊற்றிய தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தது. கோப்பைகள் வரிசையாக இருந்தன. தேயிலை போட்டாயிற்று. சீனி டின் கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற அவள் வைத்திருந்த சீனி முழுவதையும் காலையில் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அது என் கையால் திரும்பி வந்தால்தான் அவள் வீட்டில் தேத்தண்ணி. நான் அங்கே சாரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தங்கச்சி” என்றேன்.

“வெத்தலையை அடுக்குங்கக்கா, நேரமாச்சு” என்றாள். சீனியை வழித்துக் கோப்பைகளில் போட்டாள். நான் அவளுடைய அம்மாவின் பெயர் வெளியே தெரியும்படி வெற்றிலையை அடுக்கினேன். அன்றைக்கு எனக்கும் ஒரு கோப்பை தந்தாள். மாதக்கணக்கில் அப்படி இனிப்பாக நான் எதையும் குடித்ததில்லை.

அந்த இடம் அமைந்தது. கலியாணமும் நடந்தது. எங்களுக்குள் பேச்சும் பழையபடி வந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்குப் பலகாரம் வந்தது, வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டி. பொங்கலும் இலையில் வந்தது. முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இலையைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கழுவ ஒன்றுமில்லாமல் நின்றபோதுதான் உறைத்தது. இலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இலை.

பிறகு ஆட்சி மாறியது, கடைகளில் மூடை மூடையாகச் சீனி வந்தது. நான் வெறிபிடித்தவள் மாதிரி வாங்கி வைத்தேன். பெருநாளைக்கு என்னிடமிருந்த நல்ல பீங்கானில் வட்டிலப்பம் அனுப்பினேன். அது சீனி நிரம்பித் திரும்பி வந்தது. ஆனால் அவள் அனுப்புவது மட்டும் இலையில்தான் வந்தது. கடைசியில் ஒருநாள் கிணற்றடியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அம்மாட தட்டு எங்க தங்கச்சி? ஒருதரம் அதுல வெச்சு அனுப்பேன். எங்கட ஊட்டுல இப்ப சீனி ஈக்குது.”

“அது மகளோட சீர்ல போயிருச்சுக்கா” என்றாள் வாளியைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த கிழமை அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு நேரே அவள் சமையலறைக்குள் போனேன். தாம்பாளம் சுவரில் தொங்கியது, பெயர் சுவர்ப் பக்கமாக. என் வீட்டில் நான் எப்படி மாட்டியிருந்தேனோ அப்படியே.

கஞ்சியை அவளுடைய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு என் சட்டியைக் கழுவினேன். உள்ளறையில் படுத்திருந்தவளுக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“வெறுஞ் சட்டியா கொண்டு போகாதீங்கக்கா” என்றாள் ஈனக் குரலில். “டின்னுல சீனி இருக்கு, அள்ளிப் போட்டுக்கங்க.”

டின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டேன். சுவரைப் பார்க்காதவள் மாதிரி வெளியே வந்தேன்.