சரி என்று சொன்ன வாய்

பேச்சிழந்த ஒருத்தியை நான் கெடுத்தேன். அவள் தவறாக உச்சரித்த ஒவ்வொரு முறையும் "சரி" என்றேன். தவறு என்று என் காதுக்குத் தெளிவாகத் தெரிந்தும் சொன்னேன். ஒரு மண்டபம் நிறைந்த மக்கள் முன்னால் அவள் வாய் குழற வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

வாய் தவறி வந்த சொல்லன்று அது. நீங்கள் அப்படி எண்ணிவிடக் கூடாது.

நான் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள். மழை எப்போது பிடித்தது, மோனோரயில் எத்தனை நிமிடம் தாமதம், எந்த மாணவிக்கு எந்த ஒலி இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை மட்டும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதையும் தெரிந்தேதான் செய்தேன்.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு நடத்துகிறேன். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும், வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசி வேலை செய்கிறவர்களும் வருவார்கள். உயிரொலிகள்தாம் என் துறை.

மெய்யொலியைக் கற்பிப்பது எளிது. 'ப' என்றால் உதடுகள் முட்டும். 'த' என்றால் நாக்கு பல்லைத் தொடும். தொட்ட இடத்தை மாணவரே உணர்வார். உயிரொலிக்கு அப்படிப் பிடிமானம் இல்லை. காற்று எங்கும் தடைபடாமல் வெளியேறுகிறது. நாக்கு வாய்க்குள் ஏறக்குறைய மிதக்கிறது. அதனால்தான் மூன்று கேள்விகள் கேட்டு அதை வகைப்படுத்துகிறோம். நாக்கு எவ்வளவு உயர்ந்தது? முன்பகுதி உயர்ந்ததா, நடுவா, பின்பகுதியா? உதடுகள் குவிந்தனவா, விரிந்தனவா?

'சீ' என்னும்போது நாக்கின் முன்பகுதி மேலேறும், உதடுகள் விரியும். 'டூ' என்னும்போது பின்பகுதி மேலேறும், உதடுகள் குவியும். 'ஃபாதர்' என்ற சொல்லின் முதல் உயிருக்குத் தாடை இறங்கி வாய் முழுதும் திறக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு சோம்பேறி ஒலி உண்டு. 'அகோ' (ago) என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வருவது. நாக்கு எங்கும் போகாது, உதடு எதுவும் செய்யாது.

நாக்கு தொடும் இடம் தெரியாததால் இரண்டு துணைகள் மட்டுமே மிஞ்சும். ஒன்று கண்ணாடி. மற்றது, கேட்டுச் சொல்லும் இன்னொருவரின் காது. சுகந்திக்கு நான் இரண்டையும் இல்லாமல் செய்தேன்.

யார் இந்தச் சுகந்தி? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்தவள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவள். நான் கிள்ளானுக்கு வெளியே ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள்.

ஒலியியல் வகுப்பில் ஆளுக்கொரு கைக்கண்ணாடி கொடுப்பார்கள். எழுந்து நின்று, தாடையின் கீழே விரல் வைத்து, ஒவ்வோர் ஒலியாகச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. 'ஆ' என்றேன். மிகவும் கவனமாக, சொன்னபடியே, தாடையை முழுதும் இறக்கி...

"ஐயோ பாருங்கடி! இவ வாயத் திறந்தா எஸ்டேட் முழுக்கத் தெரியுது லா!"

சுகந்திதான். வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர்கூடக் குனிந்து சிரிப்பை மறைத்தார். அன்றிலிருந்து நான் 'எஸ்டேட்'. கேன்டீனில், விடுதியில், பேருந்து நிறுத்தத்தில்... "ஹே எஸ்டேட், சாப்ட்டியா?" நான் அறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று வாயைக் குறைவாகத் திறக்கப் பழகினேன். இன்றும் என் சிரிப்பில் பல் தெரியாது. அந்தப் பழக்கம் அங்கே வந்தது.

அற்ப விஷயம் என்கிறீர்களா? உங்கள் வாயைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை போலும்!

பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, அவள் மகள் நிவேதா அம்பாங்கிலிருந்து அவளை அழைத்து வந்தாள். பக்கவாதம். கால் தேறிவிட்டது. முகத்தின் வலப்புறம் தேறவில்லை. சொல்ல நினைப்பது மூளையில் இருக்கிறது, வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

"ஆன்டி, நீங்க அம்மாவோட பேட்ச்மேட்தானே? ஹாஸ்பிட்டல்ல தெரப்பி மாசத்துக்கு ஒரு தடவதான் கிடைக்குது. எனக்குக் கல்யாணம். டின்னர்ல அம்மாதான் ஸ்பீச் கொடுக்கணும்னு ஆசப்படறாங்க. அப்பா இல்லையா... நாலு வரிதான் ஆன்டி. ப்ளீஸ்."

நம் ஊர்க் கல்யாண விருந்துகளை நீங்கள் அறிவீர்கள். கேக் வெட்டிய கையோடு பெற்றோர் ஒருவர் மேடையேறி ஆங்கிலத்தில் நன்றி சொல்வார். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று பேசுவார்கள். சுகந்திக்கு அந்த நாலு வரிதான் உயிராக இருந்தது. நோய்க்குப் பிறகு உறவினர் அவளிடம் பேசுவதை விட்டு, அவளைப் பற்றி மகளிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். தான் இன்னும் இருப்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

முதல் சில வாரங்கள் நேர்மையாகவே கற்பித்தேன். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. ஒழுங்காகத் தொடங்கினேன், பிறகு கெடுத்தேன் என்றால் குற்றம் கூடத்தானே செய்கிறது? சுவர்க்கண்ணாடி முன் உட்கார வைத்தேன். தளர்ந்த உதட்டை இரு விரலால் குவித்துப் பிடித்து 'யூ' சொல்ல வைத்தேன். வந்தது! கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அப்புறம் ஒரு நாள் 'ஆ' எடுத்தோம். நான் வாயை முழுதும் திறந்து சொல்லிக் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்தாள். இடப்பக்க உதடு மட்டும் மேலேறியது. விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எஸ்... டேட்..."

சிரித்தாள். ஒரு பக்கத்துச் சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பழைய தோழியோடு பழைய வேடிக்கையைப் பகிர்ந்துகொண்டாளா? அல்லது, அன்று கல்லூரியில் அதைச் சொன்னவள் தான்தான் என்று ஒப்புக்கொள்ள முயன்றாளா? அந்தக் கண்ணீர் சிரிப்பினால் மட்டும் வந்ததா? இன்று கேட்கிறேன். அன்று கேட்கவில்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பாதி வாய் போன பிறகும் மீதி வாய் என்னைத்தான் கேலி செய்கிறது என்பதே.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

"கண்ணாடி எங்க ஆன்டி?" என்றாள் நிவேதா.

"அதப் பாத்தா அம்மாவுக்கு மனசு தளர்ந்து போகுது. இனிமே காதால பழகட்டும்."

"நீங்க எவ்ளோ யோசிக்கிறீங்க!" என்றாள் அந்தப் பெண். அந்த நாலு வரியை மகள் விருந்தன்றுதான் கேட்க வேண்டும், வீட்டில் சொல்லிப் பார்க்கவும் கூடாது என்று சொல்லி, நிவேதாவைக் கீழே கடையில் காத்திருக்க வைத்தேன்.

அதன் பிறகு உதட்டை நான் குவித்துப் பிடிக்கவில்லை. 'யூ' தட்டையாக வந்தது. "சரி" என்றேன். 'ஆல்' என்பதற்குத் தாடை இறங்கவில்லை. "சரி" என்றேன். 'டாட்டர்' என்ற சொல்லில் நாக்கு பின்னால் போகவே இல்லை. "ரொம்பச் சரி!" என்றேன். வாரம் செல்லச் செல்ல அவளுடைய எல்லா உயிரொலிகளும் நடுவில் கிடக்கும் அந்தச் சோம்பேறி ஒலிக்குள் சரிந்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு சரிந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அதுதானே என் துறை!

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவள் புருவத்தை உயர்த்துவாள். சரியா என்று கேட்பது அது. என்னை நம்பினாள். ஒலியைப் பொறுத்தவரை நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நம்பினாள்.

விருந்து கிள்ளானில் நடந்தது. மேடையின் இருபுறமும் பெரிய திரைகள் இருக்கும், பேசுகிறவர் முகத்தை நேரலையாகக் காட்டுவார்கள் என்று நிவேதா முன்பே பெருமையோடு சொல்லியிருந்தாள். எனக்கு அது தெரியும். இதையும் எழுதிவிடுகிறேன்.

சுகந்தி அரக்கு நிறப் பட்டில் மேடையேறினாள். ஒலிவாங்கியைத் தானே பிடித்தாள். முதல் வரி சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாம் ஒரே ஒலி, நீண்டும் குறுகியும் தேய்ந்தும்...

என் மேசையிலிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதருகே குனிந்தார். "என்னண்ணே, சம்பந்தியம்மா ஊத்திட்டு வந்துட்டாங்களா?"

"ஷ்ஷ்... ஸ்ட்ரோக் லா. சும்மா இருங்க."

அவள் எதையும் அறியவில்லை. நன்றாகப் பேசுவதாக எண்ணி இரண்டாம் வரிக்குப் போனாள். அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தாள். பேசும் தன் வாயை, சுவரளவு பெரிதாக, பல வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்தாள். ஒரு பக்கம் தொங்கியது. ஓரத்தில் எச்சில் பளபளத்தது. பின் வரிசையில் சிறுபிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் நிறுத்தினாள். நிவேதா ஓடிவந்து ஒலிவாங்கியை வாங்கினாள். யாரோ பாட்டைப் போட்டார்கள். சுகந்தி மகளைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைக் கண்டுபிடித்து, புருவத்தை உயர்த்தினாள்.

நான் தலையசைத்தேன். சரி என்று...

அந்தக் கணம் எனக்கு இனித்தது. ஆம், இனித்தது! இதைத்தான் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாமல் இருந்தேன். குற்றவுணர்ச்சி பிறகுதான் வந்தது. அதுவும் முழுதாக வரவில்லை.

சில வாரங்கள் கழித்து நிவேதா மறுபடி அவளை அழைத்து வந்தாள். கையில் ஒரு டப்பா முறுக்கு.

"அம்மா பேசறதயே நிறுத்திட்டாங்க ஆன்டி. வீட்டுலயும் பேசறதில்ல. நீங்க ஒருத்தர்தான் அவங்ககிட்ட பொறுமையா இருந்தீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

முறுக்கை வாங்கிக்கொண்டேன். நிவேதாவைக் கீழே கடையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். மேசைமேல் சுகந்திக்கு எதிராக நிறுத்தினேன். "முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். 'ஆ' சொல்லு" என்றேன்.

அவள் வாய் திறக்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு நல்ல கையால் கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

அதில் ஒரு வாய் தெரிந்தது. உதடுகள் விரிந்திருந்தன. பற்கள் தெரிந்தன. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்... எனக்கே தெரியாமல்!

சனிக்கிழமைதோறும் அவர்கள் இன்னும் வருகிறார்கள். அவள் எதிரே மௌனமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதன் ஒவ்வோர் உயிரொலிக்கும் நாக்கு எங்கே உயர வேண்டும், உதடு எப்போது குவிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பு நேரம் முடிகிறது. கீழே நிவேதாவின் கார் ஹாரன் ஒலிக்கிறது. உங்களிடம் இவ்வளவும் சொன்ன நான், அவளுக்கு முன்னால் இன்னும் வாய் திறக்கவில்லை.